கலெக்டர்னா எந்த மாவட்டம்?

"என் படத்தை ஒரு கலெக்டர் வாங்கியிருக்கார்மா"ன்னு சொன்னேன். அம்மா கேட்டாங்க, "எந்த மாவட்டம்?"

சிரிக்காதீங்க பாஸ். நம்ம ஊர்ல கலெக்டர்னா திங்கட்கிழமை காலையில மனுவோட க்யூவில நின்னு பார்க்கிற ஆள்தான். 2021-ல் டிஜிட்டல் ஓவிய உலகத்துல நான் பார்த்த கலெக்டர்கள் முன்னாடியும் அதே க்யூதான். கையில மனுவுக்குப் பதிலா 'ஜி.எம்.'னு ஒரு ட்வீட், அவ்வளவுதான் வித்தியாசம். ஜெனரல் மேனேஜர் இல்லீங்க, குட் மார்னிங்! என் கலெக்டர் இருந்த ஊர்ல விடியும்போது கோவையில ராத்திரி ரெண்டு மணி. அந்த ரெண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிட்டு குட் மார்னிங் சொன்ன விஸ்காம் ஸ்டூடன்ட்ஸ் எங்க கிளாஸ்லயே மூணு பேர்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். டிஜிட்டல் படத்தை யார் வேணும்னாலும் காப்பி எடுக்கலாம். ஆனா 'இதைப் போட்டவர் இவர், இப்போ இது இவர் கையில இருக்கு'ன்னு பிளாக்செயின்ல ஒரு பட்டா எழுதி வைக்கலாம். அந்தப் பட்டாவுக்குப் பேர்தான் என்.எஃப்.டி. விலைக்குப் போறது அதுதான். படத்தோட காப்பிரைட் பெரும்பாலும் வரைஞ்சவர்கிட்டயே இருக்கும்.

இந்த ஊர்ல பேர்களைக் கவனிச்சாலே பாதி கதை புரிஞ்சுடும். 1980-கள்ல வந்த ஒரு பொம்மையோட பேரைத் தனக்கு வெச்சுக்கிட்டவர் பீப்பிள். நிஜப் பேர் மைக் விங்கல்மேன், அமெரிக்க ஓவியர். 2007 மே 1-லிருந்து தினம் ஒரு படம்னு விடாம போட்டு, 5000 படங்களை ஒண்ணாச் சேர்த்து 2021-ல் கிறிஸ்டீஸ் ஏலத்துக்குக் கொடுத்தார். ஏலம் ஆரம்பிச்சது 100 டாலர்ல. முடிஞ்சது 6 கோடியே 93 லட்சம் டாலர்ல! வாங்கினவர் பேர் 'மெட்டாகோவன்'. 'கோ'ன்னா அரசன்னு நமக்குத் தெரியும்ல? அதேதான். விக்னேஷ் சுந்தரேசன், சிங்கப்பூர்ல இருந்த நம்ம ஊர்த் தமிழர். கூட இருந்த ஆனந்த் வெங்கடேஸ்வரனோட புனைபெயர் 'டூபடூர்'. பழைய ஐரோப்பாவுல அரண்மனை அரண்மனையாப் போய்ப் பாடின ட்ரூபடூர்களை ஞாபகப்படுத்துற பேர். ஆக, ஒரு ராஜா, ஒரு பாணன். இன்னொரு பெரிய கலெக்டர் 'கொசோமோ டி மெடிச்சி'. டொனடெல்லோ மாதிரி சிற்பிகளை ஆதரிச்ச ஃப்ளோரன்ஸ் நகரத்து பேங்க் குடும்பத்தோட பேரு அது. 'அது நான்தான்'னு 2021 செப்டம்பர்ல ராப் பாடகர் ஸ்னூப் டாக் சொன்னார், நம்பாதவங்களும் நிறைய. யாரா இருந்தா என்ன, 2023-ல் அந்தக் கலெக்டர் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி மியூசியத்துக்கு 22 படைப்புகளைத் தானமாக் கொடுத்தார். எந்தப் படம் மியூசியம் வாசலைத் தாண்டும்கிறதுல வாங்கினவர் கையும் இருக்குன்னு இதுல தெரியுது இல்லையா?

வரைஞ்சவன் பேர் பொம்மை, வாங்கினவர் பேர் ராஜா. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவங்கவங்க இடத்தை அவங்கவங்க எடுத்துக்கிட்டாங்க!

மெட்டாகோவன் ஜெயிச்ச அன்னிக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே விசில். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் புல்லரிச்சது. வெள்ளைக்காரங்க மட்டும்தான் கலையை ஆதரிக்கணுமா, நாங்களும் புரவலர் ஆகலாம்கிறதை இந்தியர்களுக்கும் நிறத்தால ஒதுக்கப்பட்டவங்களுக்கும் காட்டறதுதான் நோக்கம்னு அவங்க ரெண்டு பேரும் எழுதினாங்க. ஞாயமான பேச்சு. ஆனா அதுக்கு முந்தின கதையையும் படிக்கணும். 2020 டிசம்பர்லயே அவங்க பீப்பிளோட 20 படங்களை 22 லட்சம் டாலருக்கு வாங்கி, அதைப் பங்கு பங்காப் பிரிச்சு 'பி.20'ன்னு டோக்கனா வெளியிட்டிருந்தாங்க. அந்த டோக்கன்ல 2 சதவீதம் பீப்பிளுக்கு. கிறிஸ்டீஸ் ஏலம் சூடு பிடிச்ச மார்ச்சில் அது 20 டாலரைத் தாண்டுச்சு. அப்புறம் ஒரு டாலருக்கும் கீழே போயிடுச்சு. விலையை ஏத்திவிடத்தான் ஏலத்துல எடுத்தாங்கன்னு சிலர் சொன்னாங்க, அவங்க மறுத்தாங்க. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். பீப்பிள் படத்துக்கு விலை ஏறினா லாபம் பார்க்கிற இடத்துல, அதை வாங்குறவரும் உட்கார்ந்திருந்தார். எனக்கு உறுத்துறது அது மட்டும்தான்.

பீப்பிளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கிரிப்டோ காசா வந்த தொகையைச் சட்டுனு டாலரா மாத்திக்கிட்டார். கெட்டிக்காரர்!

நம்ம லெவல் வேற. பீப்பிள் ஆட்டத்துல ஒரு படம் பதிவு பண்ணவே எத்தீரியம் கட்டணம் அப்போ ஆயிரக்கணக்குல ஆச்சு. 2021 மார்ச்சில் பிரேசில்காரர் ரஃபேல் லிமா, டெசோஸ் பிளாக்செயின்ல 'ஹிக் எட் நுங்க்'னு ஒரு சந்தையைத் திறந்தார். லத்தீன்ல 'இங்கே, இப்போதே'ன்னு அர்த்தம். பதிவுக்குச் சில ரூபாய்தான், இன்விடேஷன் வேண்டாம், இன்டர்வியூ கிடையாது. படம் கைமாறும்போதெல்லாம் 10 முதல் 25 சதவீதம் வரைக்கும் ராயல்டி நாமே வெச்சுக்கலாம். நான் 15 வெச்சேன். அப்போ ஒரு டெஸ் விலை, ஏறக்குறைய ஒரு பிளேட் பிரியாணி.

நான் போட்டது ராத்திரி பஸ் ஸ்டாண்ட் படங்கள். காந்திபுரம், உக்கடம், சோடியம் விளக்கு மஞ்சள், ஃபுட்போர்டுல தூங்கற கண்டக்டர். ரெண்டு வாரம் ஈ ஓட்டினேன். மூணாவது வாரம் அந்தக் கலெக்டர் வந்தார். பேர் சொல்ல வேண்டாம், வள்ளல்னு வெச்சுப்போம். ஒரே ராத்திரியில ஏழு காப்பி வாங்கினார். அவர் ஒரு ரீட்வீட் தட்டினதும் பின்னாடியே இன்னும் நாலு பேர். எனக்கு வானத்துல பறக்கிற ஃபீலிங்!

வள்ளல் எனக்கு எந்த ஆர்டரும் போடலை. ஒரு படத்துல மழைத் தண்ணியில ஒரு கடையோட ஊதா லைட் விழுந்திருந்தது. 'இது பிரமாதம், இப்படி இன்னும் பண்ணு'ன்னார். அவ்வளவுதான். அடுத்த படத்துல ரெண்டு ஊதா லைட். அதுக்கடுத்ததுல உக்கடம் பஸ் ஸ்டாண்டு டோக்கியோ மாதிரி ஜொலிக்குது. என் ஃப்ரெண்ட் பார்த்துட்டு, "மச்சான், இதுல பொள்ளாச்சி பஸ் எங்கடா நிக்கும்?"னு கேட்டான். நான் மட்டும்னு நினைக்காதீங்க, வள்ளல் வாங்கின அத்தனை பேர் படமும் ரெண்டு மாசத்துல ஊதாவாயிடுச்சு. அந்த லிஸ்ட்ல ஒரு போலந்துக்காரர், ஒரு மணிலா பொண்ணு, நான்... கலர் மட்டும் ஒண்ணு!

நம்ம பாட்டன்களுக்கு இந்த ஏரியா புதுசில்லை. பரிசு வாங்கிட்டு வர்ற பாணன், எதிர்ல வர்ற ஏழைப் பாணனுக்கு 'இந்த வழியாப் போ, இந்த வள்ளல் கொடுப்பான்'னு சொல்றது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுல பாதி அந்த வகைதான். ட்விட்டர்ல 'உங்க படத்தைக் கீழே போடுங்க, நான் வாங்கப்போறேன்'னு கலெக்டர்களே போடுற த்ரெட் அதோட தலைகீழ் வெர்ஷன். ஆயிரம் பேர் போடுவோம், அவருக்கு ஃபாலோயர் ஏறும், நாலு பேருக்கு நாலு டெஸ் கிடைச்சா பெரிய விஷயம். நான் தமிழ்ப் பாடத்துல தூங்காம கேட்ட ஒரே பகுதி பெருஞ்சித்திரனாரோட புறநானூறு 208. அதியமான் தன்னை நேர்ல பார்க்காம பரிசை மட்டும் அனுப்பிட்டான்னு, அதை வாங்க மாட்டேன், நான் வியாபாரப் புலவன் இல்லைன்னு அந்த மனுஷன் சொல்றார். தகுதியைப் பார்த்து, அளவு தெரிஞ்சு கொடுத்தா தினை அளவு போதுமாம். வறுமையில இருந்தவர் சொன்னது இது! நம்மளால முடியுமா? செமஸ்டர் ஃபீஸ் கட்டணுமே!

ஃபீஸ்ல வந்துதான் எனக்கும் வள்ளலுக்கும் இடிச்சது. செப்டம்பர்ல அவர் கையில என் ஆறு படங்களோட 40 காப்பி இருந்தது. ஒரு மெசேஜ் வந்தது. 'அடுத்த மூணு மாசம் புதுசா எதுவும் போடாதே. போட்டாலும் 10 டெஸுக்குக் குறையாதே. விலை இறங்கினா உன்னை நம்பி வாங்கினவங்களுக்கு நஷ்டம்.' மரியாதையான மெசேஜ்தான், கடைசியில ஒரு ஹார்ட்டின் கூட இருந்தது.

எங்கப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வந்து பொழப்பு போன தலைமுறை. இப்போ கடை ஷட்டர், வண்டி நம்பர்னு எழுதறார். அவர்கிட்ட மெசேஜைத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். பெயின்ட் ஸ்டிரர்ல கலக்கிக்கிட்டே கேட்டார். "காசு கொடுத்துட்டான்ல?" "கொடுத்துட்டார்ப்பா." "அப்புறம் என்ன? எனக்கும் கஸ்டமர் கலரை மாத்தச் சொல்வான், மாத்துவேன். காசைக் கொடுத்துட்டுப் போயிடுவான். பக்கத்துக் கடைக்கு ஏன் எழுதினே, என் போர்டு மதிப்பு குறைஞ்சு போச்சேன்னு எவனும் வந்து கேட்டதில்லையே?"

எனக்குப் பொறி தட்டினது அங்கேதான். அப்பாவோட கஸ்டமர் வாங்கினது போர்டு. என் கலெக்டர் வாங்கினது படம் மட்டும் இல்லை, என்னையும் சேர்த்து, கம்பெனி ஷேர் வாங்கற மாதிரி. நான் நாளைக்கு எத்தனை வரைவேன், என்ன விலை வைப்பேன், எந்தக் கலர் பூசுவேன்... எல்லாமே அவர் கையில இருக்கிற 40 காப்பியை ஏத்தும், இறக்கும். அதனாலதான் அவர் மிரட்ட வேண்டிய அவசியமே வரலை. கவலைப்பட்டாலே போதும், நான் அடங்கிடுவேன். அவரைக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். யாருமே சீண்டாத நேரத்துல முதல் காசு போட்டவர் அவர்தான்.

ஆனா ஃபீஸுக்குக் கடைசித் தேதி அந்த மாசம் 30.

அப்பாவோட பழைய பெயின்ட் டின்களை வரைஞ்சேன். மூடியில காய்ஞ்சு போன எனாமல், வாயோரம் வழிஞ்ச சிவப்பு. ஊதா கிடையாது. 50 காப்பி, ஒண்ணு ஒரு டெஸ். போட்ட ஆறாவது மணி நேரத்துல வள்ளல் தன்கிட்ட இருந்த 40 காப்பியையும் அரை அரை டெஸுக்குத் தள்ளிவிட்டார். வாங்கின விலையில கால்வாசி கூட வராது. கோபமா, பயமான்னு இன்னிவரைக்கும் கேட்கலை. என் பேரைப் பார்த்தா அரை டெஸ்னு மார்க்கெட்ல ஆயிடுச்சு. ஆனா அதுலயும் ஒரு காமெடி. அவர் தள்ளிவிட்ட ஒவ்வொண்ணுக்கும் 15 சதவீதம் ராயல்டி எனக்கு வந்தது! 20 டெஸுக்கு 3 டெஸ். அப்போ டெஸ் விலை ஏறிக் கிடந்ததால ஆறு பிரியாணி!

டின் படம் 38 காப்பி போச்சு. மீதி ஃபீஸ் சித்தப்பா புண்ணியம். வாங்கினவங்களை ஒவ்வொருத்தராப் பார்த்தேன். பெரும்பாலும் என்னை மாதிரி வரையறவங்கதான். தன் படம் வித்த ரெண்டு டெஸ்ல ஒண்ணை அடுத்தவன் படத்துக்குக் கொடுக்கிற கூட்டம். அந்த வருஷம் நவம்பர் 11-ந் தேதி ரஃபேல் லிமா சொல்லாம கொள்ளாம சைட்டை மூடினப்போ, சில மணி நேரத்துலயே காப்பி சைட்டுகளைக் கட்டிக் கடையைத் திறந்ததும் இதே கூட்டம்தான். பிறகு அது 'டெயா'ன்னு ஆச்சு. ராஜா இல்லாத ஊர்னு நான் சொல்ல மாட்டேன், அங்கேயும் குட்டி ராஜாக்கள் உண்டு.

ராயல்டி விஷயத்தையும் சொல்லிடணும். அது பிளாக்செயின்லயே ஆணியடிச்சு வெச்சதுன்னு நம்பிட்டு இருந்தோம். பெரும்பாலான இடங்கள்ல அது சந்தை நடத்தறவங்க மனசு வெச்சாத்தான். 2022 அக்டோபர்ல 'பிளர்' வந்தது, அதிகமா வாங்கி விக்கிறவங்களுக்கான கடை. அவங்களை இழுக்க ராயல்டியைக் குறைக்கிற போட்டி சூடாச்சு. 2023 ஆகஸ்ட்ல 'ஓப்பன்சீ'யும் கட்டாய ராயல்டியைக் கைவிடறதா அறிவிச்சுது. வரைஞ்சவங்க கத்தினாங்க, பெரிய வாலட் வெச்சிருந்தவங்க கத்தவே இல்லை. கடை யார் பக்கம் போச்சுன்னு பாருங்க. டைலர் ஹாப்ஸ் மட்டும் 2022-ல் தன்னோட 'க்யூக்யூஎல்' படைப்பை ராயல்டி தராத ஒரு சந்தையில விக்க முடியாதபடி கான்ட்ராக்ட்லயே பூட்டுப் போட்டார். அவர் 'ஃபிடென்சா' போட்ட ஆள், பூட்டுப் போட்டாலும் வாசல்ல க்யூ நிக்கும். உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு யார் நிப்பாங்க?

இப்போ நான் சென்னையில புத்தக அட்டை டிசைன் பண்றேன். எப்பவாவது ஒரு படம் டெசோஸ்ல போடுவேன். போன மாசம் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் போன்ல குதிச்சான். "அண்ணா, ஒரு பெரிய கலெக்டர் என் சீரீஸ் முழுசையும் எடுத்துக்கறேங்கிறார். ஆனா ஒரு வருஷத்துக்கு நான் வேற யாருக்கும் விக்கக் கூடாதாம்."

"அவர் வாலட் அட்ரஸ் இருக்குல்ல? திறந்து பாருடா. என்னைக்கு எதை வாங்கினார், எத்தனை நாள் வெச்சிருந்தார், என்ன விலைக்குத் தள்ளினார்னு எல்லாம் அதுல கிடக்கும். அவர் உன்னைப் பார்க்கலாம்னா நீயும் அவரைப் பார்க்கலாம்."

அரை மணி நேரம் கழிச்சு கூப்பிட்டான்.

"பார்த்துட்டேண்ணா. 200 படம் வாங்கியிருக்கார். 190 வித்துட்டார்."

"மீதி பத்தை ஆசையா வெச்சிருக்காரோ?"

"இல்லண்ணா. அதையும் விலைக்குத்தான் போட்டிருக்கார். எவனும் வாங்கலை."