மூன்று இரவுக்கு ஒரு தொட்டில்

பத்து மாதக் குழந்தையோடு மூன்று இரவு கப்பலில் போவதற்கு என்னென்ன வேண்டும்? அக்கா கைபேசியில் எழுதி வைத்திருந்த பட்டியலில் 31 பொருள்கள் இருந்தன. தள்ளுவண்டி, கார் இருக்கை, பால்புட்டி சூடாக்கும் கருவி, மடக்கும் குளியல் தொட்டி என்று அது நீண்டுகொண்டே போனது. 32ஆவதாகப் பாட்டி ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். ஸ்பிரிங் தொட்டில், இரும்புச் சட்டத்தோடு. அந்த ஒரு பொருளுக்காக கோலா சாவாவில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் பஞ்சாயத்து நடந்தது.

மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சின்ன விளக்கம். இங்கே சேலையை உத்திரத்தில் கட்டும் ஏணை எப்போதோ மாறிவிட்டது. நாலு கால் இரும்புச் சட்டம், அதன் உச்சியில் ஒரு தடித்த ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் கொக்கியில் கைலித் துணி. மலாய்க்காரர்கள் ‘புவாயான்’ என்பார்கள். மூன்று இனத்தவர் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். இப்போது தானாக ஆட்டுவதற்கு மோட்டாரும் வந்துவிட்டது.

நான் மெக்கானிக்கல் படித்தவன். குழந்தையைப் போட்டதும் எங்கள் வீட்டு ஸ்பிரிங் சுமார் 15 சென்டிமீட்டர் இறங்கும். இந்த ஓர் அளவு தெரிந்தால் போதும், அது எவ்வளவு வேகத்தில் மேலும் கீழும் ஆடும் என்று கணக்குப் போட்டுவிடலாம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 77 முறை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் நாடித் துடிப்புக்குப் பக்கத்தில் வருகிறது. இதைப் பாட்டியிடம் சொன்னேன். “அதத்தான் நானும் சொல்றேன்”என்றார்.

பாட்டி அப்படிப் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருந்தது. அக்கா கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். 2023 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு 98 நாள். அதற்கு முன்பு தனியார் துறையில் 60 நாள்தான். அந்த 98 நாளும் முடிந்ததும் குழந்தை கோலா சாவாவுக்கு வந்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை பாட்டி வளர்ப்பு. வெள்ளி இரவு அக்காவும் மாமாவும் வருவார்கள், ஞாயிறு இரவு திரும்புவார்கள். குழந்தை தூங்குவது அந்தத் தொட்டிலில்தான், அதுவும் பாட்டி ஆட்டினால்தான். அக்கா ஆட்டினால் கண்ணை அகல விரித்துக்கொண்டு பாட்டியைத் தேடும். அதைப் பார்த்துவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய் ஏதாவது பாத்திரம் கழுவத் தொடங்குவாள்.

கப்பலுக்கு டிக்கெட் போட்டது அக்காதான். பாட்டிக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னாள். என்னிடம் மட்டும் வேறு சொன்னாள்: “மூணு ராத்திரியாவது நானே தூங்க வைக்கிறேன் தம்பி. தொட்டில் வேணாம்.” கிளினிக்கிலும் அவளிடம் அதையேதான் சொல்லியிருந்தார்கள். சமமான, கெட்டியான மெத்தையில், தலையணையோ தளர்ந்த துணியோ இல்லாமல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு என்பது உலகம் முழுக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. பாட்டிக்கு அந்தப் பேச்சு தன்னைக் குறை சொல்வதுபோல் பட்டது.

நான் அளவு நாடாவோடு நடுவில் மாட்டிக்கொண்டேன். கப்பல் அறைகளின் கதவு பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலத்தை ஒட்டியே இருக்கும். அக்கா வாங்கிய தள்ளுவண்டி விரித்த நிலையில் 62. மடித்துத்தான் உள்ளே கொண்டுபோக முடியும். வெளியே நடைவழியில் நிறுத்தி வைக்கலாமா என்றால் கூடாது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் உருவான சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது. தப்பிக்கும் வழிகளில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. புகை நிறைந்த நடைவழியில் தவழ்ந்து வருகிறவருக்கு ஒரு தள்ளுவண்டி என்பது சுவர். இரும்புச் சட்டத்துக்கும் இதே கதிதான். அறைக்குள் விரித்தால் குளியலறைக் கதவு திறக்காது. மோட்டாருக்குத் தேவையான நீட்டிப்பு மின்கம்பியைப் பல கப்பல்களில் ஏற்ற விடுவதில்லை. கேட்டால் கப்பலிலேயே மடக்குக் கட்டில் தருவார்கள்.

கணக்கு முழுக்க அக்கா பக்கம் நின்றது. படம் வரைந்து பாட்டிக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரஜூலாவுல எடம் இருந்துச்சு.”

பாட்டி பிறந்தது 1951இல், தஞ்சாவூர்ப் பக்கம். கொள்ளுத்தாத்தா ஏற்கெனவே இங்கே தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு ஊருக்குப் போன கொள்ளுப்பாட்டி கைக்குழந்தையோடு 1952இல் ரஜூலாவில் திரும்பினார். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல் அது. அளவு 8,500 டன்னுக்கும் குறைவு. ஒரு காலத்தில் 5,000 பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் ஒரு லட்சம் டன்னுக்கு மேல், ஏற்றுவதோ மூவாயிரம் நாலாயிரம் பேரை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கரைக்கு வராது. தோணியில் போய் ஏற வேண்டும். ஒரு கையில் தகரப் பெட்டி, இடுப்பில் பிள்ளை, தலையில் பாய். டெக்கில் கிடைத்த குழாயிலும் கம்பியிலும் சேலையைக் கட்டிப் பிள்ளைகளைப் போட்டார்களாம். கப்பல் சாய்ந்தாலும் ஏணை நேராகவே தொங்கும் என்று கொள்ளுப்பாட்டி சொல்வாராம்.

அதிலும் கணக்கு இருக்கிறது. ஒன்றரை மீட்டர் ஏணை ஒரு முறை போய்வர இரண்டரை வினாடி ஆகும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். அதனால் தளம் சாய்ந்தாலும் ஏணை பெரிதாக அலைவதில்லை. மாலுமிகள் நூற்றாண்டுக் கணக்கில் தொங்கு படுக்கையில் தூங்கியதும் இதனால்தான். அந்தப் பெண்கள் யாரும் இயற்பியல் படித்ததில்லை.

பாட்டி கேட்டது கணக்கை இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று ராத்திரி ஐந்தடியில் ஆரம்பித்த பேச்சு தோட்டத்துக்குப் போனது. அவர் பிள்ளை பெற்றது 1970களில். விடியற்காலை இருட்டில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு முன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். வரிசையாகத் துணித் தொட்டில்கள், ஆட்டுவதற்கு ஓர் ஆயா. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்து தூக்கும்போது பிள்ளை தூங்கி எழுந்திருக்கும். “என் பிள்ளைங்கள நான் ஆட்டுனதே இல்ல தம்பி. உங்கம்மாவையும் ஆயாதான் ஆட்டுச்சு. இவளத்தான் ஆட்டுறேன்.”

இதை அக்காவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சட்டம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மட்டும் முடிவானது. பாட்டி தன் பையில் ஒரு பழைய வாயில் சேலையை மடித்து வைத்ததை எல்லாரும் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை.

கப்பல் ஏறியது கிள்ளான் துறைமுகத்தில். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் பாட்டி 1952இல் வந்து இறங்கிய அதே துறைமுகம். மடித்த தள்ளுவண்டி அறையில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நின்றது. மூன்று நாளும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தோம். புறப்படும் முன் அவசரகாலப் பயிற்சி. எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டிப் பெயர் சரிபார்த்தார்கள். “இங்கயும் பெரட்டா?” என்றார் பாட்டி. பயிற்சியில் ஊழியர் சொன்னது எளிமையானது: அவசரத்தில் மின்தூக்கி கிடையாது, தள்ளுவண்டியை விட்டுவிடுங்கள், குழந்தையைக் கையில் தூக்குங்கள். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தனி மிதவைச் சட்டை உண்டு. ஒரு நாளோ அதற்கு மேலோ ஓடும் பயணிகள் கப்பலில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பது சோலாஸ் விதி. பட்டியலில் இருந்த 31 பொருளில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவாது.

முதல் இரவு குழந்தை இரண்டு மணி வரை அழுதாள். அக்கா தோளில் போட்டு நடந்தாள், பாடினாள், தானும் அழுதாள். மலாக்கா நீரிணை குளம்போல் கிடந்தது. கப்பலும் ஆடித் தொலைக்கவில்லை. பாட்டி தன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கேட்காமல் கை நீட்டக் கூடாது என்று இருந்தாராம்.

இரண்டாம் இரவு அக்காவே கூப்பிட்டாள். “பாட்டி, எப்படிச் செய்றது, சொல்லிக் குடுங்க.”

பாட்டி குழந்தையை வாங்கவில்லை. அக்காவைத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டச் சொன்னார். வாயில் சேலையை நாலாக மடித்து அவள் கால்மேல் விரித்தார். குழந்தையை இரண்டு காலுக்கும் நடுப்பள்ளத்தில் கிடத்தி, பாதத்தை மட்டும் இடமும் வலமுமாக அசைக்கச் சொன்னார். அக்கா வேகமாக அசைத்தாள். “மெதுவா மா. ஓடவா போற?” பாட்டி தன் உள்ளங்கையை அவள் முழங்கால்மேல் வைத்துத் தாளம் காட்டினார். இருபது நிமிடத்தில் குழந்தை தூங்கினாள். அதன் பிறகு அக்கா அவளைத் தூக்கிக் கப்பல் கொடுத்த கட்டிலில், சமமான மெத்தையில், மல்லாக்கப் படுக்க வைத்தாள். சேலையைத் தனியாக எடுத்து மடித்துவிட்டாள். பாட்டி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கால் மரத்துப் போய் எழுந்திருக்க முடியவில்லை. நானும் மாமாவும்தான் தூக்கி விட்டோம்.

குழந்தையோடு கப்பல் ஏறுகிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் சொல்வதற்குச் சில விஷயங்கள் உண்டு. ஒல்லியாக மடியும் வண்டி வாங்குங்கள். கட்டிலை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தையைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, விதியைப் படியுங்கள். மென்மையான பருத்திச் சேலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எடையும் இல்லை, இடமும் வேண்டாம்.

ஸ்பிரிங் தொட்டில் இன்னும் கோலா சாவா வீட்டு ஹாலில்தான் நிற்கிறது. வார நாள்களில் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டுகிறார். தூங்கியதும் மெத்தைக்கு மாற்ற இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளி, சனி இரவுகளில் ஸ்பிரிங் சும்மா தொங்கும். அக்கா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.