சிறாம்பியடி முற்றத்தில் ஒரு பாட்டு

லிஸ்பனில் இருக்கும் தம்பி நேற்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அல்ஃபாமா பகுதியில் ஒரு சின்ன ஃபாடோ இசை விடுதி. விளக்கைக் குறைத்ததும் மேசைகளில் பேச்சு அடங்கிவிடுகிறது. கிட்டாரும் ஒரு பெண் குரலும் மட்டும். 2011இல் யுனெஸ்கோ அந்த இசையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் புத்தளத்துச் சிறாம்பியடிதான் ஞாபகம் வந்தது.

அங்கே நான் கேட்டது ஒரு வீட்டு முற்றத்தில். டிக்கெட் இல்லை, பிளாஸ்டிக் கதிரைகள்தான். ஒரு அம்மா கண்ணாடிப் போத்தலைக் கரண்டியால் தட்டினார். இன்னொருவர் கையில் இரண்டு சிரட்டைகள். மேளம் சேர்ந்தது. மஞ்ஞா என்கிற அந்தப் பாட்டு மெல்லத்தான் தொடங்கும். அதே வரிகள் திரும்பத் திரும்ப வர, வேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் உட்கார்ந்திருக்கிறவரின் காலும் சும்மா இராது.

இதைப் பாடும் சிறாம்பியடி மக்களின் மூதாதையர் காலனிக்காரர்களால் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பாட்டில் இருப்பது போர்த்துக்கேயக் கிரியோல். இன்று வீட்டில் பேசுவது சிங்களம். பல சொற்களின் பொருள் இளையவர்களுக்குத் தெரியாது. பாட்டிமார் பாடியதை அப்படியே பாடுகிறார்கள். நம் கல்யாண வீடுகளில் ஆடுகிற பைலாவும் இதற்குச் சொந்தம்தான்.

லிஸ்பனுக்கு விசா வேண்டும். சிறாம்பியடி புத்தளம் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் பாடும் நிகழ்ச்சி எங்காவது நடந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.