அம்மை இறங்கிய பிறகு

எட்டு வயதில் எனக்குச் சின்னம்மை வந்தது. வேப்பிலைப் படுக்கை, இளநீர், வாசலில் செருகிய வேப்பங்கொத்து எல்லாம் நினைவிருக்கின்றன. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அம்மா, "ஆத்தா இறங்கிட்டா" என்றார். நெற்றியில் ஒரு தழும்பைத் தவிர எதையும் விட்டுவைக்காமல் அந்நோய் நீங்கிவிட்டதாகவே இருபது ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

சென்ற ஆண்டு ஐதராபாத்தில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருந்தபோது இடப்பக்க விலாவில் எரிச்சல் தொடங்கியது. நெடுநேரம் நாற்காலியில் அமர்ந்ததன் விளைவு என்று எண்ணினேன். மூன்றாம் நாள், முதுகிலிருந்து விலா வரை ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் எழும்பின. படம் எடுத்து அனுப்பினேன். "அக்கிடி அது. உடம்புச் சூடு. இங்க இருந்தா காவி எழுதிடலாம். ஒட்டுற நோய் இல்ல, பயப்படாத" என்றார் அம்மா.

முதுகுக்கு என் கை எட்டவில்லை. உடன் ஆய்வு செய்யும் தெலுங்குத் தோழிதான் களிம்பு தடவிவிட்டாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

மறுநாள் மருத்துவர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "சிறுவயதில் அம்மை வந்ததா?" இரண்டாவது, "அருகில் கர்ப்பிணிகள் யாரேனும் உண்டா?"

அம்மை இறங்குவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். கொப்புளங்கள் உதிர்ந்த பின்னும் அவ்வைரஸ் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. முதுமையிலோ எதிர்ப்பாற்றல் தளரும்போதோ விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்தால் அதுவே அக்கி. 1950களில் தாமஸ் வெல்லர் இரு நோய்களுக்கும் ஒரே வைரஸே காரணம் எனக் காட்டினார். 1965இல் ஹோப் சிம்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர் இவ்வுறக்கக் கருதுகோளை விரிவாக முன்வைத்தார். அக்கிக் கொப்புளத்தின் நீர், அம்மை வராதவரைத் தொற்றினால் அவருக்கு வருவது அக்கியன்று, அம்மை. கர்ப்பிணிக்கு அது நுரையீரல் அழற்சியாக முற்றலாம். முதல் இருபது வாரங்களில் என்றால், அரிதாகக் கருவின் கண், மூளை, கைகால்களையும் பாதிக்கலாம்.

தோழிக்கு 'ஆட்டலம்மா' வந்ததா என்று அவளுடைய தாய்க்கு நினைவில்லை. எதிர்ப்புப் பொருள் உண்டா என அறிய இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். அவள் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

அந்த இரண்டு நாளும் நான் சொற்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கினியின் தமிழ் வடிவமும் அக்கியே. அது எரிச்சலைச் சுட்டுகிறது. கன்னடத்தில் 'சர்ப்பசுத்து', பாம்புச் சுற்று. கிரேக்க 'ஜோஸ்டர்' என்பதற்கு இடைக்கச்சை என்று பொருள். ஆங்கில 'ஷிங்கிள்ஸ்' என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்கும் அதுவே பொருள். வடிவத்தையும் வேதனையையும் நுட்பமாகக் கண்ட இப்பெயர்களுள் ஒன்றிலும் அம்மை இல்லை. 'அம்மை' என்று சொல்லியிருந்தால் தோழியை நானே அறைக்குள் விட்டிருக்க மாட்டேன். 'அக்கி' என்றதால் முதுகைக் காட்டினேன். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறி என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

முடிவு வந்தது. அவளுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தது. எப்போதோ அறியாமலே வந்துபோயிருக்கிறது. குழந்தை நலமாகப் பிறந்தது. எனக்குக் கொப்புளங்கள் ஆறிய பிறகும் இரண்டு மாதம் அவ்விடத்தில் துணி உரசினாலே சுட்டது. முதியவர்களுக்கு இந்நரம்பு வலி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. எனவே ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் கண்டால் காத்திருக்க வேண்டாம். கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகும்வரை அவற்றை மூடிவையுங்கள். அம்மை வராத கர்ப்பிணிகளிடமிருந்து விலகியிருங்கள். ஐம்பது வயதைக் கடந்தோருக்கான அக்கித் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது, விலைதான் அதிகம். அம்மாவுக்குப் போடுவதற்காக உதவித்தொகையில் சிறிது சேர்த்து வருகிறேன்.

"ஆத்தா இறங்கலையா அப்போ?" என்று கேட்டார் அம்மா. "உள்ளேயே உறங்குகிறாளம்மா" என்றேன். அதை அவர் எளிதில் ஏற்றுக்கொண்டார்.

நண்பர்களே, உங்கள் ஊரில், உங்கள் மொழியில் இவ்விரண்டு நோய்களையும் உறவாகக் காட்டும் பெயர் ஏதேனும் உண்டா? இருந்தால் எழுதுங்கள்.