தீர்மான அட்டைகள்

ஜோலார்பேட்டைக்காரனுக்கு ரயில் சத்தம் தாலாட்டு மாதிரி. 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அது அடங்கிப்போனது. கொரோனாவுக்காகப் பகலெல்லாம் மக்கள் ஊரடங்கு. பயணிகள் ரயில் எதுவும் மாதக் கடைசி வரை ஓடாது என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளம் கூப்பிடு தூரம். எப்போதாவது ஒரு சரக்கு வண்டி போனது. மற்ற நேரமெல்லாம் நாய் குரைப்பு மட்டும்தான். அம்மா எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாடா இது, ஊரே மூச்சு வுடாம இருக்குது" என்றார்கள். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். சென்னையிலிருந்து வரும் பாதை பெங்களூருக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று என்று பிரிகிற எங்கள் ஊரில், வண்டிக்குப் பாதை மாற்றிவிட்டே அவர் ஆயுசு கழிந்தது. 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோதுகூட அங்கொன்றும் இங்கொன்றுமாக வண்டி ஓடியது என்று அம்மா அன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள்தான் தர்மபுரிப் பக்கம் ஒரு வாலிபர் கூடுகையை முடித்துவிட்டு வந்திருந்தேன். பை கூடத்து மூலையில் அப்படியே கிடந்தது. இரண்டு சட்டை, இரண்டு வேட்டி, ஒரு லுங்கி, வேதாகமம், சார்ஜர், கழுத்து வலித் தைலம். 1998-இல் முழுநேர ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பையை முழுசாகக் காலி செய்து நான் பார்த்ததில்லை. வேலை செய்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தது. எனக்குக் கொடுத்த பகுதி வேலூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வரை. மாதத்தில் இருபது நாள் வெளியூர். விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ இறங்குவேன். அங்கிருந்து டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, கடைசி இரண்டு கிலோமீட்டர் யாராவது ஒரு தம்பியின் டிவிஎஸ் ஃபிஃப்டி. ராத்திரி போதகர் வீட்டுத் திண்ணையில் படுப்பேன். இல்லையென்றால் பள்ளிக்கூட வகுப்பறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப்போட்டு. கூட்டம் முடிந்து கவரில் வைத்துக் கொடுக்கிற காணிக்கை சில ஊர்களில் பஸ் சார்ஜுக்குப் போதும், சில ஊர்களில் போதாது. அதை நான் குறையாக நினைத்ததில்லை. கடையில் கடன் சொல்லி எனக்குக் காபி வாங்கிக் கொடுத்த பையன்களை இன்றைக்கும் முகம் முகமாக நினைவிருக்கிறது.

என்னோடு கூடவே வந்தவர் கிட்டார் அண்ணன். பிள்ளைகள் வைத்த பெயர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பிரசங்கம் நான் பண்ணுவேன். ஆனால் பிள்ளைகள் வந்தது அவருடைய பாட்டுக்குத்தான். எந்த ஊரிலும் முதல் வேலையாக, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏலகிரியில் முகாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடும். மூன்று நாள் வேத பாடம், விளையாட்டு, கடைசி ராத்திரி தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு. அப்போதுதான் தீர்மான அட்டை கொடுப்போம். போஸ்ட் கார்டு அளவு, கெட்டி அட்டை. பெயர், வயது, விலாசம், சபை, 'இன்று நான் எடுக்கும் தீர்மானம்'. அடியில் 'என் ஜெப விண்ணப்பம்' என்று மூன்று கோடு. கண்ணில் நீர் வழிய, முழங்காலில் வைத்தே எழுதுவார்கள். அதை வாங்கிக்கொண்டு, "உனக்காகத் தினமும் ஜெபிப்பேன்" என்று சொல்லித் தலையில் கை வைப்பேன். சொல்லும்போது மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

இந்த அட்டைப் பழக்கம் அமெரிக்காவின் பெரிய நற்செய்திக் கூட்டங்களிலிருந்து வந்தது. பில்லி கிரகாம் 1956-இல் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் திரண்ட கூட்டத்தைப் பற்றி எங்கள் மூத்த ஊழியர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவருடைய கூட்டங்களில் முன்னால் வருகிறவர்களை உட்கார்த்திப் பேச ஆள் வைத்து, அட்டையில் எழுதி, உள்ளூர் சபைக்கு அனுப்பிவைப்பார்கள். அட்டையின் நோக்கமே அதுதான்: ஒரு பெயர் ஒரு சபையின் கையில் போய்ச் சேரவேண்டும். எங்களிடம் வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை மட்டும் தங்கிவிட்டது. மாதாந்திர அறிக்கையில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. 'தீர்மானங்கள்: 62.' அதை நிரப்பி அனுப்பியதும் அடுத்த ஊர். 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் அட்டையில் பெற்றோர் கையெழுத்துக்கும் ஒரு கோடு சேர்த்தோம். சட்டம் 2004-இல் போய்விட்டது. கோட்டை நான் எடுக்கவில்லை. அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

அட்டைகளை எறிய மனம் வராமல் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். அடுத்து வந்த முழு ஊரடங்கில் நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, வேறு வேலை இல்லாமல் அதைத் திறந்தேன். கரப்பான் பூச்சி முட்டை, நாப்தலின் வாசனை. வருஷவாரியாக ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். ரப்பர் உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்காயிரத்துக்கும் மேல். 2005-க்கு முந்தினதில் விலாசம் மட்டும். அப்புறம் வந்ததில் செல் நம்பர், அதுவும் பாதி 'பக்கத்து வீடு', 'மாமா நம்பர்'. மளிகைக் கடைக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிலிருந்து ஆரம்பித்தேன். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, சாயங்காலம் நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை போன்.

பத்து நம்பர் அடித்தால் ஏழு, 'உபயோகத்தில் இல்லை'. எடுத்தவர்களில் பலருக்கு என்னைத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாரும் விளக்கேற்றச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் துத்திப்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் அட்டை கையில் வந்தது. 2009 மே முகாம். வயது பதினாறு. நீல மை, எழுத்து ஒவ்வொன்றும் குண்டு குண்டாக. ஓரத்தில் மஞ்சள் கறை, சாம்பார் சாதம் சாப்பிட்ட கை. ஜெப விண்ணப்பத்தில்: 'அப்பா குடிக்கக் கூடாது. தங்கச்சி படிக்கணும். எனக்கு டீச்சர் வேலை.' சித்தி நம்பர் என்று எழுதியிருந்ததை அடித்தேன். சித்தி எடுத்து அவளுடைய நம்பரைக் கொடுத்தார்.

"யாரு பேசறது?"

சொன்னேன். ஏலகிரி முகாம், கிட்டார் அண்ணன், தீ மூட்டினது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஞாபகம் வருதுண்ணா. அப்பாவுக்காக ஜெபம் பண்றேன்னு எழுதி வாங்கினீங்க. அப்பா அந்தத் தீபாவளிக்கே தவறிட்டாரு." குரலில் கோபம் இல்லை. "நீங்க வருவீங்கன்னு பார்த்தேன். அப்புறம் நான் கம்பெனிக்குப் போய்ட்டேன்."

பிளஸ் ஒன் சேரவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவு. பதினோரு வருஷமாக ஐரோப்பாக்காரர்கள் போடும் ஷூவுக்கு அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூ கம்பெனிகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பெண் பிள்ளைகளின் கையில்தான் ஓடுகின்றன. அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் வேலை செய்த கம்பெனி கேட்டைத் தாண்டி நான் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்குப் பார்த்தேன். நூறுக்குக் குறையாது. அந்தச் சாலையில் உள்ள ஒரு பள்ளிக்கூட மைதானத்தில்தான் எங்கள் மாதக் கூடுகை.

"இப்ப வீட்ல என்னம்மா நிலைமை?"

"ரேஷன்ல ஆயிரம் ரூபா குடுத்தாங்க. சம்பளம் வரலண்ணா. வெளிநாட்டுல கடையெல்லாம் மூடிட்டாங்களாம், ஆர்டர் நின்னுபோச்சாம். தங்கச்சி நர்சிங் மூணாவது வருஷம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் நிமிர்ந்தது.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் எல்லார் வீட்டிலும் விளக்கு எரிந்தது. நான் கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் அப்படி ஒரு ராத்திரி எனக்கு வந்ததில்லை.

மறுநாளிலிருந்து நோட்டில் இன்னொரு கோடு போட்டேன்: 'தேவை.' அரிசி, பால் மாவு, சர்க்கரை மாத்திரை, சிலிண்டர். கிட்டார் அண்ணன் தன் ஸ்கூட்டருக்கு அனுமதிச் சீட்டு வாங்கினார். போனில் கிடைத்த பையன்களில் ஒருத்தன் வாணியம்பாடியில் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அவன் முதலாளியிடம் கடனுக்குப் பேசிக் கொடுத்தான். முதலாளி முஸ்லிம் பெரியவர். யாருக்குப் போகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் அட்டை எழுதின பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. ஒரு டேனரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பீகார்ப் பையன்கள் பதினொரு பேர் உப்பும் சோறுமாக இருந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் போனது என்று கேள்விப்பட்டதும், "எங்க ஊருக்கு எப்போ?" என்று சைகையிலேயே கேட்டார்கள். ரயில்வேக்காரன் மகனான எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. 1921-இல் ஜேசுதாசன் என்ற தமிழ் டாக்டரும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் தொடங்கியது. கதர் உடுத்தி, கல்யாணம் செய்யாமல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஜெபாலயத்தை நம் கோயில் சாயலில் கட்டினார்கள். ஜனங்கள் அவர்களைக் கூப்பிட்டது பெரியண்ணன், சின்னண்ணன் என்று. முகாம் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் அரை மணி நேரம் சுற்றிக்காட்டிவிட்டு பஸ் ஏற்றிவிடுவது என் வழக்கம். அந்த ஏப்ரலில் அடிக்கடி அந்த இரண்டு பெயரும் மனசில் வந்தன. எனக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அண்ணன் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அப்பா செத்த வீட்டுக்கு வராத அண்ணன்.

2021 மே, இரண்டாவது அலை. பத்தாம் தேதியிலிருந்து மறுபடியும் முழு ஊரடங்கு. அதற்கு முந்தின வாரமே கிட்டார் அண்ணனுக்குக் காய்ச்சல். ஆக்சிஜன் படுக்கைக்காக ஒரு பகல் முழுக்க ஆம்புலன்ஸில் அலைந்தோம். ராத்திரி கிடைத்தது. ஆறாம் நாள் விடியற்காலை போய்விட்டார். பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் பார்க்க அண்ணிக்குக்கூட ஒரு நிமிஷம்தான். கல்லறைத் தோட்டத்தில் பாதுகாப்பு உடை போட்டுக் குழியில் இறக்க ஆள் வேண்டும். போதகரும் படுக்கையில். நான் நோட்டை எடுத்து நாலு பேருக்குப் போன் போட்டேன். நாலு பேரும் வந்தார்கள். ஒருத்தன் மண்டிக் கணக்குப் பையன். இன்னொருத்தன் சபைப் பக்கமே வருவதில்லை என்று முந்தின வருஷம் போனிலேயே சொல்லிவிட்டவன். "மொத தபா முகாமுக்கு வந்தப்ப எங்கிட்ட செருப்பு இல்ல. அண்ணன் அவரோடத கழட்டிக் குடுத்தாரு" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிடித்தான். உடைக்குள் வேர்த்துக் கொட்டியது, கண்ணாடி புகை படிந்துவிட்டது. ஜெபம் நான்தான் செய்தேன். பாட, யாருக்கும் குரல் எழும்பவில்லை. எப்போதும் சுருதி எடுத்துக் கொடுப்பவர் மண்ணுக்குள் இருந்தார்.

ரயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நிறுவனத்திலிருந்து புதிய பயணத் திட்டம் அனுப்பினார்கள். பன்னிரண்டு ஊர் போட்டிருந்தது. நான் நாலு ஊர் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து நாள், பிள்ளைகள் வீட்டில் தங்குவது, அறிக்கையில் எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விடுவது. மனஸ்தாபம் வந்தது. கடைசியில் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அப்படியே விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கட்டத்தை அத்தனை வருஷம் ஆசையாக நிரப்பினவன் நான்.

டிரங்குப் பெட்டி அட்டைகளை உரியவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதிகூட முடியவில்லை.

2022 ஜனவரியில் ஒரு சாயங்காலம் ஆம்பூரில் அந்தப் பெண் வேலை செய்யும் கம்பெனி கேட்டுக்கு எதிரே, கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். ஷிப்ட் விட்டது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தார்கள், பஸ்ஸில் இடம் பிடிக்க ஓட்டமும் நடையுமாக. அவளே என்னை அடையாளம் கண்டுபிடித்து வந்தாள். ஆட்காட்டி விரல் நுனியில் சொலூஷன் காய்ந்து தோல் உரிந்திருந்தது. அட்டையைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்காகப் பஸ் விளக்குப் பக்கம் திருப்பிப் பிடித்து வாசித்தாள். மூன்றாவது கோட்டில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"உங்க அப்பாவுக்கு நான் வந்திருக்கணும்மா" என்றேன்.

அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "தங்கச்சிக்கு வேலூர்ல வேலை கெடச்சிருச்சுண்ணா. ஞாயித்துக்கெழமை வீட்ல இருப்பா. சாப்பிட வாங்க" என்றாள். அட்டையை டிபன் பையில் டப்பாவுக்கும் தண்ணி பாட்டிலுக்கும் நடுவில் செருகினாள். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஓடினாள்.