கேட்டுக்கு ஒரு வரிசை

திருவாரூரிலிருந்து காரைக்குடிக்கு ரயில் பாதை சுமார் 150 கிலோமீட்டர். 2019 ஆவணியில் அதைக் கடக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் தோழிக்குக் கல்யாணம். “மொத நாளே வந்துடணும்” என்று உத்தரவு. பேருந்தில் போயிருந்தால் சீக்கிரமே இறங்கியிருக்கலாம். ஆனால் பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்த பாதை அந்த ஜூனில்தான் முழுசாகத் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் வளர்ந்தவள் வேறு எதில் போவாள்?

மடியில் ஒயர் கூடை. பச்சையும் வெள்ளையும், சிவன் கண் பின்னல். கல்யாணப் பரிசு. அதில் அடிப்பாகம் மட்டும்தான் முடிந்திருந்தது.

புதுத் தண்டவாளம் போட்டார்கள், நடைமேடை போட்டார்கள், கேட்டுக்கு ஒரு கேட் கீப்பரை மட்டும் போடவில்லை. அதனால் அவரும் ரயிலிலேயே வந்தார். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய் மூடுவார். வண்டி கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டிக்காரர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே கூத்து. ஒரு கேட்டுக்கு ஒரு வரிசை பின்ன முடிந்தது.

பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு எரிச்சலும் வந்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் இந்தப் பாதையைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. அதற்காக நிலவரியோடு சேர்த்துத் தனியாக ஒரு வரி வாங்கினார்கள். குடியானவன் காசில் வந்த ரயில் இது. காரைக்குடியைத் தொட 1952 ஆயிற்று. அகலப்பாதை போடுகிறோம் என்று 2012-இல் நிறுத்தியவர்கள், அந்தக் குடியானவன் பேரனை ஏழு வருஷம் பேருந்துப் படியில் தொங்கவிட்டார்கள். சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த கம்பன் எக்ஸ்பிரஸ் அதற்கு முன்பே நின்றுபோனது. இந்த வழியாகச் சென்னைக்குத் தினசரி வண்டி திரும்பி வர 2025 ஏப்ரல் ஆயிற்று. அதுவும் ராமேஸ்வரத்துக்குப் போகிற வண்டி, வழியில் நம்மையும் ஏற்றிக்கொள்கிறது.

திருநெல்லிக்காவல், ஆலத்தம்பாடி, மணலி எல்லாம் வெறும் வயல். மேட்டூரை ஆகஸ்ட் 13-இல் திறந்திருந்தார்கள், தண்ணீர் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திருத்துறைப்பூண்டியில் டீ வாங்க நேரம் இருந்தது.

தில்லைவிளாகம் தாண்டினால் எங்கள் ஊர் முத்துப்பேட்டை. நடுவில் கோரையாற்றுப் பாலம். மீட்டர்கேஜ் காலத்தில் அது வெறும் இரும்பும் கட்டையும்தான். ஜாம்பவானோடை தர்காவுக்குக் குறுக்கு வழி என்று ஊரே அதில் நடக்கும். பெரிய கந்தூரியில் சந்தனக்கூடு எடுக்கிற ராத்திரி அம்மா என்னையும் கூட்டிப்போவாள். ஒரு கையில் கூடை, அதற்குள் பாத்தியாவுக்குச் சர்க்கரையும் ஊதுபத்தியும். மறு கையில் நான். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருட்டில் தண்ணீர் மினுங்கும். “கீழ பாக்காதடி, கட்டையப் பாத்துக் கால வையி.” ஒரு தடவை பாதிப் பாலத்தில் இருக்கும்போதே தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. ஓரத்தில் ஒதுங்கி நிற்க ஒரு தகரத் தட்டு உண்டு. ஏற்கெனவே நின்றிருந்த ஒரு பாய் கைலியை இறுக்கிக்கொண்டு, “வாங்க ஆத்தா, வாங்க” என்று இடம் விட்டார். வண்டி போய் முடிகிறவரை அம்மா கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் முதலில் பார்த்தது சர்க்கரைப் பொட்டலத்தை, அப்புறம்தான் என்னை. இதைச் சொல்லிச் சொல்லியே கடைசிவரை அவளைக் கேலி செய்தேன்.

தர்காவில் மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்தவர்கள் படுத்திருப்பார்கள். இந்து, முஸ்லிம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எனக்கு அங்கே கடைத்தெருதான் முக்கியம். வளையல், அல்வா, ஒயர் கட்டு. அந்த வருஷத்துக் கூடையின் நிறம் கந்தூரிக் கடையில்தான் முடிவாகும். முடிச்சுப் போட அம்மாவிடம் கற்றதெல்லாம் அந்த ஒயரில்தான். இப்போது பாலத்தை மாற்றிக் கட்டிவிட்டார்கள். வண்டி ஒரு மூச்சில் தாண்டிவிட்டது. ஆறு மணி நேரப் பயணத்தில் வேகமாகப் போனது அந்த ஓர் இடத்தில்தான்!

அதிராம்பட்டினத்தில் உப்புக்காற்று. பட்டுக்கோட்டைக்கு அப்புறம் ஜன்னல் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு தென்னந்தோப்பு தோப்பாக இல்லை. விழுந்த மரத்தை அறுத்துக் குவித்திருந்தார்கள். நடுவில் முழங்கால் உயரப் புதுக்கன்றுகள். ஒரு தென்னை நன்றாகக் காய்க்க எத்தனையோ வருஷம் ஆகும் என்பது நிவாரணம் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியாதா?

தை மாசம் நடக்கவேண்டிய கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனதே அதனால்தான். காய் விற்ற காசுதான் நகை. காய் இல்லாததால் தோழியின் அப்பா ஆடியில் மொய் விருந்து வைத்தார். இலை நிறைந்தது, நோட்டு நிறையவில்லை. வந்தவர்கள் தோப்பும் விழுந்து கிடந்ததுதானே.

பந்தல் மட்டும் குறைவில்லாத கீற்றுப் பந்தல். விழுந்த மரங்களின் மட்டையைப் பிளந்து, குட்டையில் ஊறப்போட்டு, அவள் அப்பாயி உட்கார்ந்து பின்னிய கீற்று. அக்கம்பக்கத்தில் கூரை போனவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பேத்தி கல்யாணத்துக்கென்று அடுக்கி வைத்திருந்தார். முதல் நாளே போய்விட்டதால் கடைசிச் சில கீற்றுக்கு நானும் உட்கார்ந்தேன். ஒரு ஓலையை மடக்கி, ஒன்றைத் தாண்டி அடுத்ததன் அடியில் நுழைக்க வேண்டும். மூன்று ஓலைக்குள் என் விரலை ஈர்க்கு கிழித்துவிட்டது. அப்பாயி விரலைப் பார்க்கவில்லை, என் கூடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“என்னம்மா இது, பொந்து பொந்தா? அரிசி போட்டா கொட்டிடுமே.”

“அரிசிக்கு இல்ல அப்பாயி, காய்கறிக்கு.”

“காய்கறிய மடியிலயே கட்டிட்டு வந்துரலாமே.”

தாலி கட்டியாயிற்று. கூடைக்குப் பதில் மொய்க்கவர் வைத்தேன். மறுவீடு புதுவயல். பொண்ணு மாப்பிள்ளை காரில் போக, நான் அறந்தாங்கி, வாளரமாணிக்கம் என்று மிச்சப் பாதையையும் ரயிலிலேயே பார்த்துவிட்டுக் காரைக்குடி வரை போனேன். செம்மண், கருவேலம், வெயில், மறுபடியும் கேட்.

வீட்டுக்கு வந்து, பின்னியதை அடிவரை பிரித்தேன். கிழவி சொன்னது உறைத்துவிட்டது. இந்த முறை முடிச்சை நெருக்கி இழுத்ததில் கூடுதலாக ஒரு கட்டு ஒயர் போனது. கைப்பிடி போட்டு முடித்துவிட்டுத் தோழிக்குப் போன் செய்தேன், பார்சலில் அனுப்பவா என்று.

“பார்சல் எதுக்குடி? கேட் கீப்பர்ட்ட குடுத்து விடு. எங்க ஊரு கேட்டுல எறங்கத்தானே போறாரு. அப்பாயிய வந்து நிக்கச் சொல்றேன்.”

மறுநாள் திருவாரூரில் முன்பெட்டிக்குப் போய்க் கேட்டேன். அவர் கூடையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “எத்தனாவது கேட்டும்மா?” என்றார்.