கடலோரம் ஒரு வீடு... சக்கரத்தோடு!

கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம்... எல்லாமே வண்டிக்குள்! 'ஆர்.வி.' என்கிறார்கள். ஹவுஸ் ஓனர் தொல்லை இல்லாத வீடு!

மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில், நெடுஞ்சாலை எண் 1-ல் தெற்கே போனோம். 1973-ல்தான் முழுசாகப் போட்டு முடித்த சாலை. பல இடங்களில் ஓரமாக ஒதுங்க வழியில்லை. ராத்திரியானால் மாடுகள் நடுரோட்டில் சாவகாசமாக நிற்கும். அதனால் பகலில் மட்டும் பயணம். எல் ரொசாரியோவைத் தாண்டினால் சுமார் 300 கி.மீ.க்கு பங்க்கை நம்ப முடியாது. அங்கேயே பெட்ரோலை நிரப்பிக்கொண்டோம்.

முலெஹே ஊருக்குத் தெற்கே கன்செப்சியோன் விரிகுடா. எல் ரெக்கேசோன் கடற்கரையில் வண்டியை நிறுத்தினோம். எதிரே குட்டித் தீவு. கடல் வற்றும்போது மணல் திட்டு வழியாக நடந்தே போகலாம். ஏறினால் பாதையைக் காணோம்!

கரன்ட் கிடையாது, குழாய் கிடையாது. மூன்றாம் நாள் டாங்க்கில் கால் பங்கு தண்ணீர்தான் பாக்கி.

"குடிக்கவா, பாத்திரம் கழுவவா? ஒண்ணு சொல்லிடுங்க!" என்றாள் மனைவி.

முலெஹேக்குத் திரும்ப சுமார் 40 கி.மீ. கிளம்ப மனசில்லை. தட்டை மணல் போட்டுக் கடல்நீரில் தேய்த்தோம். குளியலும் கடலில்தான். அன்று ராத்திரி காலை வைத்த இடமெல்லாம் நீலமாகப் பளிச்! கடல் நுண்ணுயிர்கள் காட்டும் வெளிச்சம். முந்தைய நாளே போயிருந்தால் கிடைத்திருக்குமா?

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மெக்ஸிகோ இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்க பாலிசி அங்கே உதவாது. குடிதண்ணீரைத் தனிக் கேனில் வையுங்கள். கடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் காபிக்கு ஆகாது!