ரிச்சி தெருவில் ஒரு திங்கட்கிழமை

திருத்தலப் பயணங்களைப் பற்றிப் பல குருக்கள் இவ்விதழில் எழுதியுள்ளனர். வாசக அன்பர்களே, நான் இம்முறை எழுதப் புகுவதோ ஒரு கடைத்தெருவுக்குச் சென்று வந்த கதை. கடைத்தெருவில் ஒரு குருவுக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். புறப்படும்போது நானும் அவ்வாறே எண்ணினேன்.

2023-ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் பங்கில் முன்பு பீடச் சிறுவனாய் இருந்து, அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டை முடித்திருந்த ஓர் இளைஞன், தன் கையாலேயே ஒரு கணினியைப் பூட்டிக்கொள்ள விரும்பினான். தந்தையை இழந்த பிள்ளை. தாயார் தையல் இயந்திரத்தை மிதித்துக் குடும்பத்தைக் காத்து வருபவர். விடுமுறை நாள்களில் கலியாணப் பந்திகளில் பரிமாறச் சென்று, ஈராண்டுகளில் 26,000 ரூபாயை அவன் சேர்த்திருந்தான். தாயார் தம் சீட்டுப் பணத்தில் 14,000 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்தார். ஆக 40,000 ரூபாய். அந்த வீட்டுக்கு அது சிறு தொகையன்று.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அத்தாய் என்னிடம் வந்தார். “சாமி, படிக்கவும் ஆகும், விளையாடவும் ஆகும்ங்கிறான். எனக்கு ஒண்ணும் புரியல. யாரும் ஏமாத்திடாம நீங்க கூடப் போயிட்டு வாங்க” என்றார்.

எனக்குள் ஒரு தயக்கம் எழுந்தது. கணினி விளையாட்டுகள் இளையோரின் நேரத்தை விழுங்குகின்றன என்று சில வாரங்களுக்கு முன்புதான் மறையுரையில் கடிந்து பேசியிருந்தேன். அந்த மறையுரையின்போது இவன் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. ஆயினும் ஒரு விதவைத் தாயின் வேண்டுகோளை மறுக்க மனம் ஒப்பவில்லை. ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மறுநாள் திங்களன்று காலைத் திருப்பலி முடித்து, இருவரும் மின்தொடர் வண்டியில் ஏறினோம்.

“கடையில் முழுதாகவே வாங்கிவிடலாமே, ஏன் இந்தத் துன்பம்?” என்று வண்டியில் கேட்டேன்.

“முழுசா வாங்கினா உள்ளே என்ன வச்சிருக்காங்கன்னு தெரியாது, ஃபாதர். நாமே பூட்டினா ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து வாங்கலாம். பின்னால காசு சேர்ந்ததும் ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம்” என்றான். பல மாதங்களாக அவன் விலைகளை எழுதிவந்த நோட்டுப் புத்தகத்தையும் காட்டினான். வீண் ஆசையின் நோட்டாக அது தோன்றவில்லை.

எழும்பூரில் இறங்கி நடந்தோம். புதுப்பேட்டையைக் கடக்கும்போது, ஓடித் தேய்ந்த வாகனங்களைப் பிரித்து, கதவு வேறு, விளக்கு வேறு, இயந்திரம் வேறு எனக் கடைவாயில்களில் குவித்திருந்த காட்சியைக் கண்டேன். அதன்பின் கூவத்தின் மேலுள்ள பாலம். ஆற்றுக்கு அப்பால் சிந்தாதிரிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களையும் நூல் நூற்போரையும் குடியமர்த்துவதற்காக 1734-ஆம் ஆண்டில் உருவாக்கிய ஊர் அது. சின்னத் தறிப்பேட்டை என்னும் பெயரே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர். கைத்தொழிலாளருக்கென எழுந்த அப்பேட்டையின் ஓரத்தில், அண்ணா சாலையை ஒட்டி அமைந்திருப்பதுதான் ரிச்சி தெரு.

இத்தெரு எனக்கு முற்றிலும் புதிதன்று. பூந்தமல்லிக் குருமடத்தில் பயின்ற காலத்தில், பழுதுபட்ட ஒலிபெருக்கிக்கு ஓர் உதிரிப் பாகம் தேடி இங்கு வந்திருக்கிறேன். இன்று கைப்பேசிகளும் கேமராக்களும் கணினிகளுமே எங்கும் கண்ணில் படுகின்றன. எனினும் தெருவின் இயல்பு மாறவில்லை. தலைக்கு மேலே பின்னிக் கிடக்கும் கம்பிகள்; பெட்டிகளைச் சுமந்து “ஓரம், ஓரம்” எனக் கூவிச் செல்லும் ஆள்கள்; ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படிகள்; படிக்குப் படி ஒரு கடை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு எனப் பக்கத்துத் தெருக்களிலும் இதே வணிகம் பரவியுள்ளது.

முதலில் நுழைந்த கடைக்காரர் இனிய சொல்லினர். “தம்பி, பட்ஜெட் எவ்வளவு?” என்றார். தொகையைக் கேட்டதும் ஒரு தாளில் விறுவிறுவென எழுதினார். இன்டெல் ஐ3-12100எஃப் என்னும் பிராசஸர் 9,000, மதர்போர்டு 6,300, எட்டு ஜி.பி. ராம் ஒன்று 1,900, எஸ்.எஸ்.டி. 2,800; மானிட்டர் 7,000. இவற்றோடு, ஆர்.எக்ஸ். 580 என்னும் பழைய கிராபிக்ஸ் கார்டு 8,500. முன்பக்கம் கண்ணாடி பதித்து, வண்ண விளக்குகள் சுழலும் கேபினட் 3,600. இறுதியில் எஸ்.எம்.பி.எஸ். 900. கூட்டினால் சரியாக 40,000 ரூபாய்.

கடை மூலையில் அத்தகைய கேபினட் ஒன்று திருவிழாச் சப்பரம்போல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இளைஞனின் விழிகள் அதைவிட்டு அகலவில்லை. அந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தால் பெரிய விளையாட்டுகள் எல்லாம் அன்றைக்கே ஓடும். ஆசை யாரை விட்டது?

எனக்குத் தெரிந்ததெல்லாம் வினவுவது ஒன்றே. “இந்தக் கார்டு ஏன் இத்துணை மலிவு?” என்று கேட்டேன். விடையை இளைஞனே கூறினான். இணைய நாணயங்களுள் ஒன்றாகிய எதீரியத்தை ஈட்டுவதற்காகப் பலர் இத்தகைய கார்டுகளை இரவும் பகலும் ஓயாது இயக்கி வந்தார்களாம். 2022 செப்டம்பரில் அந்நாணயத்தின் செயல்முறை மாற்றப்பட்டு, கார்டுகளுக்கு அதில் வேலையில்லாமற் போனது. அவையெல்லாம் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. எது எத்தனை நாள் உழைத்ததென்று வெளித்தோற்றத்தால் அறிய இயலாது.

“சரி, 900 ரூபாய்க்கு எழுதியிருக்கிறாரே, அது என்ன?”

“சுவத்துல வர்ற 230 வோல்ட் மாறுமின்சாரத்தை, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்சாரமா மாத்தி எல்லாப் பாகத்துக்கும் கொடுக்கிறது இதுதான், ஃபாதர். இது கெட்டா மத்ததையும் சேர்த்துக்...” என்று தொடங்கியவன், பாதியிலேயே நிறுத்திவிட்டான். தான் சொன்னதைத் தானே கேட்டவன்போல் அத்தாளை மீண்டும் பார்த்தான். பழைய கார்டோ 185 வாட்டு மின்சாரம் கேட்பது. பெட்டியில் 500 வாட்டு என அச்சிட்டிருந்தது. சோதித்ததற்கான முத்திரை எதுவும் இல்லை. கையில் எடுத்தால் வெறும் தகரம்போல் இலேசாய் இருந்தது.

கடைக்காரருக்கு நன்றி கூறி வெளியே வந்து, ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். அப்போதுதான், எவரிடமும் மனம்விட்டுக் கூறாத ஒன்றை நான் அவனிடம் கூற நேர்ந்தது.

முந்தைய ஆண்டுத் திருவிழாவின்போது ஆலயக் கோபுரத்துக்குப் புதிய வண்ண விளக்குகள் போட்டோம். “உள்ளே உள்ள கம்பிகள் பழையவை, முதலில் அவற்றை மாற்றுங்கள் சாமி” என்று மின்பணியாளர் எச்சரித்திருந்தார். சுவருக்குள் இருக்கும் கம்பியை யார் பார்க்கப் போகிறார்கள்? கோபுர விளக்கையன்றோ ஊரார் பார்ப்பர்! விளக்குகளுக்கே பணத்தைச் செலவிட்டேன். சப்பரப் பவனிக்கு முந்திய இரவு, மின்பலகை கருகிப் புகைந்தது. இறையருளால் எவருக்கும் தீங்கில்லை. “மின்அழுத்தக் கோளாறு” என்று மக்களிடம் கூறினேன். அது முழு உண்மையன்று. பழுது கம்பியில் மட்டுமன்று, என் தெரிவிலும் இருந்தது.

அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, நோட்டைத் திறந்தான். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் உரைத்த உவமையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதை ஒருவன் தேநீர்க் கடைப் பலகையில் நிறைவேற்றுவதை அன்றுதான் கண்டேன்.

அவன் வகுத்த புதிய கணக்கு இது. பிராசஸர், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி, விலை 11,500. ஆறு கோர்கள் கொண்ட இதற்குள்ளேயே படங்களைத் தீட்டும் பகுதியும் அடங்கியிருப்பதால், தனி கிராபிக்ஸ் கார்டு உடனே வேண்டுவதில்லை. அப்பகுதிக்குச் சொந்த நினைவகம் இல்லை. ராமிலிருந்தே கடன் வாங்கும். எனவே எட்டு ஜி.பி. ராம் ஒன்றுக்குப் பதில் இரண்டு, 3,600. இரண்டும் ஒருசேர வேலை செய்யும்போது வேகமும் கூடும். மதர்போர்டு 6,200. எஸ்.எஸ்.டி.யும் மானிட்டரும் முன்போலவே. விளக்கில்லாத, காற்றோட்டமுள்ள கேபினட் 2,300. மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டையாவது வீணாக்காமல் தரும் என்பதைக் குறிக்கும் ‘80 பிளஸ்’ முத்திரையுடைய 550 வாட்டு எஸ்.எம்.பி.எஸ். 4,100. கூட்டுத்தொகை 37,500.

“பெரிய விளையாட்டெல்லாம் இப்போ ஓடாது, ஃபாதர். நண்பர்களோட ஆடுற வேலோரன்ட் ஓடும், கால்பந்து ஓடும். காலேஜ் வேலை எல்லாம் நல்லா ஓடும். கார்டு பின்னால பார்த்துக்கலாம்” என்றான். குரலில் சற்று ஏமாற்றம் இருந்ததை மறைப்பானேன்? பத்தொன்பது வயதில் ‘பின்னால்’ என்னும் சொல் கசக்கவே செய்யும்.

மூன்று கடைகளில் ஏறி இறங்கி வாங்கினோம். மதர்போர்டு விற்றவரிடம், “5600ஜி-க்கு ஏத்த பயாஸ் போட்டிருக்காண்ணே?” என்று அவன் மறவாமல் கேட்டான். பலகை பழைய வகை, பிராசஸர் 2021-இல் வந்தது; பலகைக்குள் பதித்துள்ள மென்பொருள் புதுப்பிக்கப்படாவிடில், ஒன்றையொன்று அறிந்துகொள்ளாதாம்.

மற்றொரு கடையில், “பில் வேண்டாம்னா ஆயிரத்து ஐந்நூறு குறைச்சுக்கலாம் சாமி” என்றார் விற்பனையாளர். உண்மையைக் கூறுகிறேன்: அத்தாயின் தையல் இயந்திரத்தை எண்ணி, ஒரு கணம் என் மனமும் கணக்குப் போட்டது. “பில் போடுங்கண்ணே, மூணு வருஷ வாரண்டிக்கு வேணும்” என்றான் இளைஞன். அரசுக்குரிய வரியைப் பற்றி மேடையில் பேசுபவன் நான். அன்று முந்திக்கொண்டவன் அவன்.

மாலையில் அவர்கள் வீட்டுத் தையல் மேசையே பணிமேடையாயிற்று. பிராசஸரின் அடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொன்னிற ஊசிகள். மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைப் பலகையிலுள்ள குறியோடு பொருத்தி வைத்தால், அழுத்தாமல் தானே அமரும். அழுத்தினாலோ ஊசி வளையும். தாயார் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாவும் பூட்டி, பொத்தானை அழுத்தினான். விசிறி சுழன்றது. திரையோ இருண்டே இருந்தது.

ஒருவரும் பேசவில்லை. ஈராண்டுப் பந்திகளும் ஒரு சீட்டும் அந்த இருளுக்குள் கிடப்பதாக எனக்குத் தோன்றிற்று. நான் மௌனமாய்ச் செபமாலையைப் பற்றிக்கொண்டேன். அவன் மின்சாரத்தை நிறுத்தி, நோட்டைப் பார்த்து, ராம்களைக் கழற்றி மீண்டும் பொருத்தினான். இம்முறை ‘டக்’ எனும் ஓசை கேட்டது. முன்பு அவை முழுதாய் அமராதிருந்தன. மறுபடி அழுத்தியதும் திரையில் எழுத்துகள் தோன்றின. தாயார் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

மீந்த 2,500 ரூபாயை அவன் தாயின் கையில் வைத்தான். கணினி முன்னறையில் இருப்பதென்றும், விளையாட்டு இரவு ஒன்பது மணியோடு முடிவதென்றும் தாயும் மகனும் பேசி முடித்தனர். நான் அதில் தலையிடவில்லை. விளையாட்டு நேரத்தை விழுங்கும் என்று நான் கூறியதை இன்றும் மறுக்கவில்லை. கண்டவர்களை வைத்தே கூறினேன். ஆனால் அதன்பொருட்டுச் சேமிக்கவும், கணக்கிடவும், ஆசையை ஒத்திவைக்கவும் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளக்கூடும் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறியாததையும் சேர்த்தே மறையுரையில் தீர்ப்பிட்டேன்.

2025-ஆம் ஆண்டில், வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், தன் ஊதியத்தில் ஆர்.எக்ஸ். 6600 என்னும் புதிய கிராபிக்ஸ் கார்டை வாங்கிப் பொருத்தினான். அது 132 வாட்டு கேட்பது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

ரிச்சி தெருவுக்குச் சென்றுவந்த வாரமே பங்குப் பேரவையைக் கூட்டினேன். அவ்வாண்டுத் திருவிழாவுக்குப் புதிய அலங்கார வளைவு அமைக்க ஒதுக்கியிருந்த தொகையை, ஆலயத்தின் உட்கம்பிகளை மாற்றச் செலவிடலாம் என்றேன். காரணம் கேட்டார்கள். முந்தைய ஆண்டு மின்பலகை ஏன் கருகியது என்பதை, இம்முறை முழுமையாகவே அவர்களிடம் கூறினேன்.